பாகு வேணாம், அரை மணி நேரம் போதும்: காணும் பொங்கல் மாலாடு

காணும் பொங்கல் அன்னிக்கு எங்க குடும்பம் மொத்தமும் முக்கொம்புக்கு கிளம்பிடும், திருச்சில இருந்து ஒரு 18 கிலோமீட்டர் தான், காவிரியில இருந்து கொள்ளிடம் பிரியற இடம். சித்தப்பா வீடு, பெரியத்தை வீடு, நாத்தனார் வீடுன்னு சேர்ந்தா 40 பேர் வந்துடுவாங்க. புளியோதரை ஒரு வீடு, தயிர்சாதம் ஒரு வீடு, உருளைக்கிழங்கு வறுவல் ஒரு வீடுன்னு பிரிச்சுக்குவோம், நான் கல்யாணமாகி வந்த வருஷத்துல இருந்து ஸ்வீட் என் பொறுப்பு.

முதல் வருஷம் கேசரி கொண்டு போனேன். ருசி நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா தட்டு வேணும், ஸ்பூன் வேணும், சின்னப் பசங்க கையெல்லாம் நெய், மணல்ல விழுந்தது பாதி. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், நாலு பேர் கூடற இடத்துக்கு கொண்டு போற ஸ்வீட் கையில எடுத்து அப்படியே வாயில போடற மாதிரி இருக்கணும். இன்னொண்ணு, போகி, பொங்கல், மாட்டுப்பொங்கல்னு மூணு நாள் அடுப்படியிலயே நின்ன பிறகு நாலாவது நாள் விடியக்காலைல கம்பிப்பதம் பார்த்துட்டு நிக்க யாருக்கும் தெம்பு இருக்காது, அதனால பாகு வெக்கிற பேச்சே கிடையாது.

அப்ப தான் அத்தை மாலாடு சொல்லிக் குடுத்தாங்க. பொட்டுக்கடலை ஏற்கனவே வறுத்தது தானே, வேக வெக்க எதுவும் இல்ல, சர்க்கரைப் பொங்கலுக்கு வாங்கின நெய், முந்திரி, ஏலக்காய் எப்படியும் வீட்ல மிச்சம் இருக்கும். அளவு எங்க வீட்ல மனப்பாடம்: பொட்டுக்கடலை அரை கிலோ, சர்க்கரை அரை கிலோ, நெய் கால் கிலோ. இதுக்கு சின்ன எலுமிச்சம்பழ சைஸ்ல 50 உருண்டை வரும், 40 பேருக்கு குடுத்துட்டு பக்கத்து ஜமக்காளத்துல உட்கார்ந்திருக்கிற குடும்பத்துக்கும் நீட்டலாம். ரொம்ப இனிப்பு வேணாம்னா சர்க்கரைய 400 கிராமா குறைச்சுக்கங்க, உருண்டை பிடிக்கறதுல ஒண்ணும் வித்தியாசம் வராது.

பொட்டுக்கடலைய வெறும் வாணலியில ரெண்டே நிமிஷம் சூடு காட்டுங்க, நிறம் மாறக்கூடாது, ஈரப்பதம் போனா போதும். ஆறினதும் மிக்ஸியில நைஸா அரைச்சு சலிச்சுடுங்க, சலிக்காம விட்டீங்கன்னா நறநறன்னு பல்லுல மாட்டும். சர்க்கரையும் ஏலக்காயும் தனியா அரைச்சு மாவோட கலந்து வெச்சுக்கங்க. முந்திரிய நெய்யிலயே சிவக்க வறுத்து போட்டுடுங்க. திராட்சை நான் போட மாட்டேன், உருண்டை அந்த இடத்துல தான் விரிஞ்சுக்கும்.

இப்ப நெய். மாலாடு உதிர்ந்து போகுதுன்னு சொல்றவங்க பெரும்பாலும் இங்க தான் கோட்டை விடறாங்க. தை மாசக் குளிருக்கு நெய் டப்பாவுல கல்லு மாதிரி உறைஞ்சு கிடக்கும், அத லேசா இளக்கி ஊத்தினா போதும்னு நினைப்பாங்க, போதாது, நல்லா சூடா இருக்கணும். அதுக்காக மொத்த மாவுலயும் மொத்த நெய்யையும் ஒரே தடவையா கொட்டிடாதீங்க, நீங்க பத்து உருண்டை பிடிக்கறதுக்குள்ள மீதி ஆறிப்போய் உதிர ஆரம்பிச்சுடும். மாவ நாலா பிரிச்சு, ஒரு பங்க தாம்பாளத்துல போட்டு, நடுவுல குழி பண்ணி சூடான நெய்ய ஊத்தி, முதல்ல கரண்டியால கலந்துட்டு அப்புறம் கை வைங்க. "கை பொறுக்கிற சூட்டுல பிடிம்மா, ஆற விட்டா அது உன் பேச்ச கேக்காது"ன்னு அத்தை சொல்லுவாங்க. ஒரு பிடி எடுத்து அழுத்திப் பாருங்க, விரல் ரேகை மாவுல அப்படியே பதிஞ்சு நிக்கணும், அது தான் பதம். உடையுதுன்னா இன்னொரு ஸ்பூன் நெய். முதல்ல உள்ளங்கையில இறுக்கி அழுத்தி, அப்புறம் தான் உருட்டணும், எடுத்த எடுப்புல உருட்டினா விண்டு போகும். பிடிச்ச உருண்டை முதல்ல மெத்துன்னு தான் இருக்கும், நெய் உறைய உறைய கெட்டியாகி பாலிஷ் போட்ட மாதிரி ஆயிடும், அந்த பத்து நிமிஷம் யாரையும் தொட விடாதீங்க.

பால் தெளிச்சு பிடிக்கற வழக்கமும் உண்டு, நெய் கம்மியா போதும், ஆனா ரெண்டு நாளைக்கு மேல வெக்க முடியாது. நெய்யில மட்டும் பிடிச்சது ஈரக்கை படாம இருந்தா ரெண்டு வாரம் தாராளமா நிக்கும்.

நெய் வேணாம்ங்கிறவங்களுக்கு வேர்க்கடலை உருண்டை பண்ணுங்க. வறுத்து தோல் நீக்கின கடலை ரெண்டு டம்ளர், பொடிச்ச வெல்லம் ஒரு டம்ளர், மிக்ஸியில விட்டு விட்டு சுத்துனா கடலை எண்ணெயே பிசுபிசுன்னு வந்து பிடிக்க வசதியாயிடும், அடுப்பே வேணாம். கடலை மிட்டாய் ஆசை வந்தா கோவில்பட்டியில வாங்கிடறது தான் என் வழக்கம், 2020-ல புவிசார் குறியீடு வாங்கின அந்த மொறுமொறுப்பு என் அடுப்புல இன்னும் வரல. ஒரே ஒரு விஷயம், வேர்க்கடலை ஒத்துக்காத குழந்தைங்க இருப்பாங்க, எல்லாம் உருண்டையா ஒரே மாதிரி தெரியும், அதனால இத தனி டப்பாவுல போட்டு, குடுக்கும்போதே அம்மா அப்பாகிட்ட சொல்லிட்டு குடுங்க.

தேங்காய் விஷயத்துல நான் ஒரு தடவை நல்லா பட்டிருக்கேன். ஆடிப்பெருக்குக்கு ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் போனப்ப, எப்பவும் செய்யற காப்பரிசியோட கூட இருக்கட்டும்னு பச்சைத் தேங்காய் துருவி கண்டென்ஸ்டு மில்க் போட்டு லட்டு பிடிச்சு, சூட்டோட டிஃபன் பாக்ஸ்ல அடைச்சு மூடிட்டேன். படையல் எல்லாம் முடிச்சு மத்தியானம் திறந்தா ஒரு மாதிரி புளிச்ச வாடை, எல்லாத்தையும் கொட்ட வேண்டியதா போச்சு, அன்னிக்கு அழுகையே வந்துடுச்சு. தேங்காய்ல ஈரம், டப்பாவுக்குள்ள வேர்த்த நீர், ஆடி வெயில், கெட்டுப் போகாம என்ன செய்யும். இப்பல்லாம் கடையில விக்கிற காய்ஞ்ச தேங்காய்த் துருவல் தான், 400 கிராம் டின் கண்டென்ஸ்டு மில்க்குக்கு கால் கிலோவுக்கு கொஞ்சம் மேல, சின்ன தீயில ஓரம் விட்டு சுருண்டு வர வரைக்கும் கிளறி, முழுசா ஆறினப்புறம் தான் மூடி. இதுக்கு ஆயுசு கம்மி தான், அன்னிக்கே குடுத்து முடிச்சுடணும்.

எடுத்துட்டு போறதுக்கு எவர்சில்வர் தூக்கு தான் பெஸ்ட், அடியில வாழையிலைய நல்லா துடைச்சு போட்டு அடுக்குங்க, நியூஸ்பேப்பர் வேணாம், மை நெய்யில ஊறி ஒட்டிக்கும். மூணு அடுக்குக்கு மேல வெச்சா அடியில இருக்கறது நசுங்கிடும், ரெண்டு தூக்கா பிரிச்சுக்கங்க, ஒண்ண சாப்பாட்டுக்கு முன்னாடி திறங்க, இன்னொண்ண தண்ணில ஆடிட்டு பசியோட வர பசங்களுக்குன்னு ஒளிச்சு வைங்க.