சேலம் வெயிலில் ஒரு காபிச் செடி

மார்ச் 10
மாமரத்தடிக் காபிச் செடியில் இலை இடுக்குகளில் மொட்டு கட்டியிருக்கிறது. அராபிகா வகைக் கன்று, ஏற்காட்டிலிருந்து வந்தது. "கீழ வெச்சா கருகிப் போயிருங்க, வெயில் தாங்கற ரொபஸ்டா வகை எடுத்துக்கங்க" என்று நாற்றுப்பண்ணை அண்ணன் அப்போதே சொன்னார். அவர் பயந்ததில் நியாயம் உண்டு. அராபிகா எத்தியோப்பியக் காட்டில் பெருமரங்களின் கீழே வளர்ந்து பழகியது; 15 முதல் 24 டிகிரி செல்சியஸ் இருந்தால்தான் அதற்குச் சுகம். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்னும் மேலே சேர்வராயன் மலையில்தான் காபியைக் கொண்டுவந்தார், கீழே அல்ல.

மார்ச் 23
மொட்டு அப்படியே நிற்கிறது. காய்ந்து கிடக்கும் செடிமேல் ஒரு கோடை மழை விழுந்தால்தான் விரியும். மழைக்கு அறிகுறியே காணோம். சாயங்காலம் வேர் நனையத் தண்ணீர் விட்டு, இலைகளையும் ஹோஸால் குளிப்பாட்டினேன்.

ஏப்ரல் 2
பூத்துவிட்டது! கொல்லைக் கதவைத் திறந்ததுமே மல்லிகை வாசம். ஆனால் கிழக்குக் கிளையில் கதையே வேறு. இதழ்கள் அரிசி நீளம்கூட இல்லை. தடித்து, பச்சையோடி, விறைப்பாக விரிந்து கிடக்கின்றன. நட்சத்திரப் பூ என்பார்கள். மொட்டு முற்றும் சமயத்தில் வறட்சியும் சூடும் தாக்கினால் இப்படி ஆகும், காய் பிடிக்காது. அந்தக் கிளைக்கு எதிரே பக்கத்து வீட்டுச் சிமெண்ட் சுவர். மத்தியானம் முழுக்க வெயில் குடித்த சுவர், ராத்திரி எட்டு மணிக்கும் கை வைக்க முடியவில்லை. தலைக்குமேல் நிழல் இருந்தால் போதும் என்பவர்கள் இதைத் தொட்டுப் பார்க்கட்டும்.

ஏப்ரல் 4
சுவருக்கும் செடிக்கும் நடுவில் பச்சை நிழல்வலை கட்டியாயிற்று.

மே 6
கத்திரி தொடங்கிவிட்டது. கொளுந்து இலைகள் மஞ்சள். நரம்பு மட்டும் பச்சை. பார்ப்பவர்கள் எல்லாம் "உரம் போடு" என்கிறார்கள். எனக்குச் சந்தேகம் தண்ணீர் மேல்தான். வெள்ளைக்கல் (மேக்னசைட்) வெட்டும் ஊர் இது. போர் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் பாத்திரம் வெள்ளை பூத்துப் போகிறது. காபி கேட்பதோ லேசான புளிப்பு மண். இந்தத் தண்ணீரால் மண்ணில் காரத்தன்மை ஏறினால், இரும்புச் சத்து இருந்தும் வேரால் இழுக்க முடியாது. இனி செடிக்கு மேட்டூர்க் குழாய்த் தண்ணீர் மட்டும். அடியில் மாஞ்சருகை நாலு விரல் கனத்துக்குப் பரப்பினேன், தண்டில் ஒட்டாமல். மண் ஈரமாகவே இருக்கிறது, சூடும் குறைந்திருக்கிறது.

மே 19
நேற்று ராத்திரி நல்ல மழை. புது இலை பச்சையாக வருகிறது. பழைய மஞ்சள் இலைகள் மாறவில்லை; நான் எதிர்பார்க்கவும் இல்லை. மேற்குக் கிளையில் குண்டூசித் தலை அளவில் காய்கள். கிழக்கில் ஒன்றுமில்லை. அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தார்.

"எப்பப் பழுக்கும்?"

"நவம்பர், டிசம்பர் ஆயிருங்க அத்தை."

"அப்பச் சரி, இந்த மாசப் பொடிய வாங்கிட்டு வந்துரு."