பொருந்தவில்லை என்று எழுதினேன்

அந்தப் போன் பேச்சு பத்து நிமிடம்கூட இருக்காது. அதற்கப்புறம் நான் கோப்பில் எழுதிய ஒரே ஒரு சொல்தான் இன்னும் உறுத்துகிறது.

காணாமல் போனவர்கள் விவரத்தையும் அடையாளம் தெரியாத உடல்கள் விவரத்தையும் ஒப்பிடுவது என் வேலை. பழைய வழக்குகளைத் தோண்டும் ஆர்வலர்கள் அடிக்கடி கூப்பிடுவார்கள். பாதிப் பேர் கொலைகாரன் யாரென்று எனக்குச் சொல்லித்தர வருபவர்கள். இந்த மேடம் அப்படியில்லை. ஒரு பெண்ணின் கோப்பு எண், ஓர் உடலின் கோப்பு எண் இரண்டையும் சொல்லி, "ஒப்பிட்டுப் பாருங்க சார்" என்றார். காணாமல் போனபோது அந்தப் பெண்ணுக்கு 31 வயது. உடலுக்குக் குறித்திருந்தது 18 முதல் 22.

"வயசே பொருந்தலையே மேடம்."

"அது மதிப்பீடுதானே சார்?"

நான் பாடமே எடுத்துவிட்டேன். தோளையும் நெஞ்செலும்பையும் இணைக்கும் காறை எலும்பின் உள்முனைதான் உடம்பு வளர்ந்து முடியும்போது கடைசியாக ஒட்டும், அதைப் பார்த்தால் இருபதுகளைத் தாண்டியவரா என்று பெரும்பாலும் தெரிந்துவிடும் என்றெல்லாம். சொன்னது தப்பில்லை. ஆனால் அந்த உடலின் அறிக்கையில் காறை எலும்பைப் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று நான் பார்க்கவில்லை.

அவர் 'டென்ட் கேர்ள்' வழக்கை நினைவுபடுத்தினார். 1968-இல் அமெரிக்காவின் கென்டக்கியில் கித்தானில் சுற்றிக் கிடந்த பெண். பதின்ம வயது என்றே பதிவு. 1998-இல் டாட் மேத்யூஸ் என்பவர், காவல்துறைக்குச் சம்பந்தமே இல்லாதவர், அக்காவைத் தேடித் தங்கை இணையத்தில் போட்டிருந்த குறிப்பைப் பார்த்துவிட்டு இரண்டையும் முடிச்சுப்போட்டார். டிஎன்ஏ உறுதி செய்தது. இறந்தவளுக்கு வயது 24, குழந்தை பெற்றவள்.

"தெரியும் மேடம்" என்றேன். தெரியும்தான். அந்த ஒரு மேத்யூஸுக்குப் பின்னால் எத்தனை தப்பான பொருத்தங்கள் என்பதும் தெரியும். மேடம் கூப்பிட்டதற்கு முந்தைய ஆண்டு ஓர் ஆர்வலர் எங்களைக் கேட்காமல் நேராக ஒரு வீட்டுக்கே போன் செய்து, மகள் கிடைத்துவிட்டாள் என்று சொல்லிவிட்டார். பல் வரிசை வேறு. அதை அந்த அம்மாவிடம் சொன்னது நான். இந்த மேடத்திடம் கறாராக இருந்ததற்கு அதுதான் காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அப்போது மணி ஐந்தரை, கிளம்பும் நேரம் என்பதும் காரணமாக இருக்கலாம்.

போனை வைத்ததும் "பொருந்தவில்லை" என்று குறித்தேன். எழுதியிருக்க வேண்டியது "ஒப்பிடவில்லை". பல்லோ கைரேகையோ டிஎன்ஏவோ பார்த்த பிறகுதான் 'இந்த உடல் இவருடையது அல்ல' என்ற விலக்கப்பட்டோர் பட்டியலில் ஒரு பெயர் ஏற வேண்டும். ஏறிவிட்டால் அடுத்து வருபவர் அந்தப் பெயரைத் தொடவே மாட்டார். நானே தொடமாட்டேன்.

இரண்டு ஆண்டு கழித்து வேறொரு தேடலில் அதே உடலின் அறிக்கையை முழுதாகப் படித்தேன். ஞானப்பல் முளைக்கவில்லை என்பதை வைத்து மட்டுமே வயதைக் குறித்திருந்தார்கள். சிலருக்கு அது முளைப்பதே இல்லை. உடனே குறிப்பை மாற்றினேன். ஆனால் அந்தப் பெண்ணுக்குப் பல் மருத்துவப் பதிவு எதுவும் கிடையாது. மேடம் கூப்பிட்ட நாளில் அவளுடைய அம்மா உயிரோடு இருந்தார், டிஎன்ஏ மாதிரி எடுத்திருக்கலாம். இப்போது அவரும் இல்லை, வேறு இரத்த உறவும் அகப்படவில்லை.

பெரும்பாலும் அவளாக இருக்காது என்றுதான் நினைக்கிறேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாகவும் இருக்கிறது.

மேடம் அன்று கோபப்படவில்லை. "சரி சார், நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். என் நோட்டுல அடிச்சிடறேன்" என்றார். அவர் நம்பர் இன்னும் என்னிடம் இருக்கிறது. இரண்டு தடவை கூப்பிட எடுத்து, வைத்துவிட்டேன்.