கோவில் இடிந்த கதையும் கரை போன கதையும்

ஒவ்வொரு ஆகஸ்ட் 22-ஆம் தேதியும் வாட்ஸப்பில் அதே கதை சுற்றும். 1639-இல் பிரான்சிஸ் டே வந்தாராம், நாயக்கரிடம் ஒரு மணல்திட்டை வாங்கினாராம், மெட்ராஸ் முளைத்ததாம். உடனே இன்னொரு கோஷ்டி, "நம்ம கோவிலை இடிச்சுத்தான் வெள்ளைக்காரன் ஊரைக் கட்டினான்" என்று கிளம்பும்.

கோவில் இடிந்தது நிஜம். இன்றைக்கு ஹைகோர்ட் நிற்கும் இடத்தில்தான் சென்னகேசவப் பெருமாள் கோவில் இருந்தது, சுற்றிலும் நம்ம ஆட்கள் குடியிருந்த பழைய கறுப்பர் பட்டணம். 1746-இல் பிரெஞ்சுக்காரனிடம் ஜார்ஜ் கோட்டையைப் பறிகொடுத்து 1749-இல் திரும்ப வாங்கிய கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அந்த பயம் போகவில்லை. பீரங்கிக்கு முன்னால் வெட்டவெளி வேண்டும் என்று வீடுகளைத் தரைமட்டமாக்கி, 1757-இல் கோவிலையும் எடுத்துவிட்டது. ஆனால் அந்தக் கோவிலுக்கும் கோட்டைக்கும் ஏறக்குறைய ஒரே வயசு. கட்டியவராகச் சொல்லப்படுபவர் பேரி திம்மப்பா, கம்பெனிக்காரர்களின் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளரும் தரகரும். பிழைக்க வந்தவர் கட்டியதைப் பிடிக்க வந்தவர் இடித்தார், அவ்வளவுதான். பிறகு இன்னொரு துபாஷி மணலி முத்துகிருஷ்ண முதலியார் முன்னின்றதால் மாற்று இடம் கிடைத்து, பூக்கடை பக்கம் தேவராஜ முதலி தெருவில் பெருமாளுக்கும் சென்னமல்லீஸ்வரருக்கும் பக்கத்துப் பக்கத்தில் கோவில் எழும்பியது. வெள்ளைக்காரர்களின் பழைய இடுகாடும் ஹைகோர்ட் வட்டாரத்தில்தான் இருந்தது. கல்லறைக் கற்களைப் பெயர்த்து கோட்டைக்குள் புனித மேரி தேவாலயத்து முற்றத்தில் பதித்துவிட்டார்கள். கவர்னர் எலிஹு யேலின் சின்னப் பையன் கல்லறை கோர்ட் வளாகத்திலேயே தங்கிவிட, பார்க்கிங் கட்ட இடைஞ்சல் என்று அதை இடம் மாற்றச் சொல்லி 2023-இல் தீர்ப்பு வந்து, விஷயம் அப்பீலுக்குப் போனது.

ஆக, சாமிக்கும் செத்தவர்களுக்கும்கூட பேச ஆள் இருந்தது. குப்பத்துக்கு?

கோட்டைக்கு முன்பே இந்தக் கரையில் இருந்தவர்கள் மீனவர்கள். துறைமுகமே இல்லாத ஊரில், கயிற்றால் தைத்த மசூலா படகில் கவர்னர் முதல் கம்பளி மூட்டை வரை அலையைத் தாண்டிக் கொண்டுவந்து இறக்கியது படகோட்டிகள். துறைமுகம் வந்ததும் அந்தப் பிழைப்பு போச்சு, கரையும் போச்சு. தெற்கிலிருந்து வடக்கே நகர வேண்டிய மணலைத் துறைமுகச் சுவர் தடுத்துவிட்டது. மெரினா அகலமாகிக்கொண்டே வந்தது, ராயபுரத்திலிருந்து வடக்கே எங்க கரையைக் கடல் தின்றுகொண்டே போனது. மெரினா அழகு என்று யாராவது சொன்னால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும், அதில் பாதி எங்க மணல்!

எங்க ஆயா சின்னப் பெண்ணாக இருந்தபோது அம்மன் கோவிலுக்கும் கடலுக்கும் நடுவில் ரெண்டு தெரு, வலை காயப்போட மணல் வேற. இப்போது கருங்கல் குவியல். பீரங்கி வைத்து யாரும் இடிக்கவில்லை, அதனால் இடித்த தேதியும் கிடையாது, மாற்று இடம் கேட்டு முதலியாரும் வரவில்லை. வாட்ஸப்பில் சண்டை போட ஏதாவது ஆதாரம் இருக்க வேண்டுமே.

இந்த ஆடிக்கும் ரோட்டோரமாகத்தான் பந்தல் போட்டுக் கூழ் ஊற்றினோம். பின்னால் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. திட்டிய டிரைவருக்கும் ஒரு சொம்பு நீட்டினோம், வாங்கிக் குடித்துவிட்டு மறுபடி திட்டினார்.