சுரைப்பூ மாலையில்தான் விரியும்

நான்கு நாளுக்கு முன்னால் மகரந்தம் தொட்டுவைத்த சுரைப் பிஞ்சு இன்று காலை தலையைக் கீழே சாய்த்திருந்தது. கனம் கூட ஆரம்பித்துவிட்டது. காய் பிடித்துவிட்டது. காபி ஆறிப்போனதுகூடத் தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

காய்கறி போட ஆரம்பித்தபோது முதலில் வைத்தது ஐந்து தக்காளி நாற்று. ஒரே மாதத்தில் நான்கு போய்விட்டன. மதியம் இலை துவளும்; தாகம் போலிருக்கிறது என்று ஒரு குவளை ஊற்றுவேன். மாலையில் இன்னும் துவளும், இன்னொரு குவளை. கடைசியில் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். வெள்ளையாக இருக்க வேண்டிய வேர் பழுப்பாகி, விரலால் பிடித்ததும் மேல்தோல் மட்டும் உருவிக்கொண்டு வந்தது. மண்ணில் சாக்கடை வாடை. தொட்டியின் அடித்துளை களிமண்ணால் இறுகி அடைத்திருந்தது.

தண்ணீர் போதாவிட்டாலும் இலை வாடும், தண்ணீர் தேங்கி வேருக்குக் காற்று கிடைக்காவிட்டாலும் இலை வாடும். இலையை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். மண்ணைத் தொட்டால்தான் தெரியும். அன்றிலிருந்து ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்க்காமல் ஊற்றுவதில்லை. ஈரம் விரலில் ஒட்டினால் அன்றைக்கு வேண்டாம். உதிரியாக இருந்தால் அடித்துளை வழியே வடியும் வரை நிதானமாக ஊற்றுவேன். அப்புறம் மண்கலவையையும் மாற்றினேன்: தோட்ட மண், மக்கிய உரம், தேங்காய் நார்க்கழிவு மூன்றும் சம பங்கு. கீரைக்கு அரை அடி ஆழம் போதும், தக்காளிக்கும் கத்தரிக்கும் ஒரு அடியாவது வேண்டும். இடம் எதுவானாலும் ஆறு மணி நேர வெயில் இல்லையென்றால் காய்ச்செடி வைக்காதீர்கள். கீரையோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

சரி, சுரைக்கு வருகிறேன்.

கொடி பந்தல் ஏறியதும் பூவாகப் பூத்தது, ஒன்றுகூடக் காயாகவில்லை. உரம் பற்றவில்லை என்று நினைத்து உரம் போட்டேன். இலை மட்டும் இன்னும் பெரிதானது. ஒருநாள் உட்கார்ந்து ஒவ்வொரு பூவாகப் பார்த்தபோதுதான் எல்லாமே நீண்ட காம்பில் நிற்கும் ஆண் பூக்கள் என்று புரிந்தது. சுரையில் ஆண் பூ முதலில் வரும். நடுத்தண்டில் பெரும்பாலும் அதுதான் வரும், பக்கக் கிளைகளில்தான் பெண் பூ அதிகம். நுனியைக் கிள்ளிவிட்டேன். பக்கக் கிளைகள் கிளம்பின, பத்துப் பன்னிரண்டு நாளில் பெண் மொட்டுகள் வந்தன. பூவுக்கு அடியில் விரல்நுனி அளவில், ரோமம் படர்ந்த குட்டிச் சுரைக்காய் ஒன்று இருக்கும், அதுதான் அடையாளம்.

அவையும் மூன்று நான்கு நாளில் மஞ்சளாகி உதிர்ந்தன. ஏழு பிஞ்சு உதிர்ந்தது, எண்ணினேன். மனசு கேட்கவில்லை. காலையில் தேனீ பூசணிப்பூவில் புரளுவதைப் பார்த்திருக்கிறேன், சுரைப்பூ மட்டும் காலையில் சுருங்கிக் கிடக்கும். பிறகுதான் உறைத்தது: சுரை மாலையில் மலர்ந்து இரவெல்லாம் விரிந்திருக்கும் பூ. அதைத் தேடி வர வேண்டியது அந்துப்பூச்சி. என் பந்தலுக்கு அது வரவில்லை.

அன்று சூரியன் சாயும் நேரத்தில் போய் நின்றேன். வெள்ளை மொட்டு என் கண்ணெதிரே நெகிழ்ந்து, இதழ் கசங்கிய துணி போலப் பிரிந்தது. ஒரு ஆண் பூவைப் பறித்து இதழ்களைக் கிள்ளி எடுத்துவிட்டு, நடுவிலிருந்த மகரந்தத் தண்டைப் பெண் பூவின் சூல்முடியில் மெதுவாகத் தடவினேன். வெளிர்மஞ்சள் தூள் ஒட்டியது தெரிந்தது. அவ்வளவுதான் வேலை. நான் கையால் தொட்டுவைத்த அந்த முதல் பிஞ்சு உதிரவில்லை. இரண்டு வாரத்தில், நகம் எளிதாக இறங்கும் பதத்தில் பறித்தேன்.

இப்போதெல்லாம் மாலையில் பந்தலடியில் நிற்கும்போதே இலையைத் திருப்பி அடிப்பக்கமும் பார்த்துவிடுகிறேன். சாறு உறிஞ்சும் குட்டிப் பூச்சியான அசுவினி அங்கேதான் முதலில் கூட்டம் சேரும், எறும்பு வரிசையாக ஏறினால் பெரும்பாலும் இருக்கும். சிறிதாக இருக்கும்போது தண்ணீரைப் பீய்ச்சினாலே போய்விடும். மிஞ்சினால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய இரண்டு சொட்டு சோப்புக் கரைசல், வெயில் தாழ்ந்த பிறகு தெளிக்க வேண்டும்.

இதை எழுதும்போது மணி ஐந்து. மேல் கிளையில் ஒரு பெண் மொட்டு வெளுத்து நிற்கிறது, இன்று விரிந்துவிடும். பக்கத்திலேயே இரண்டு ஆண் மொட்டுகள் இருக்கின்றன. கிளம்புகிறேன்.