பதிவேட்டில் பெயர் இல்லை, டீமில் இருக்கிறாள்

என் மகள் பள்ளிக்கூடம் போவதில்லை, ஆனால் பள்ளிக்கூட டென்னிஸ் டீமில் ஆடுகிறாள். ஊரில் இருக்கும் அம்மாவுக்கு இது இன்னும் பிடிபடவில்லை. "பேரே இல்லாத பள்ளிக்கூடத்துக்கு எப்படிடி ஆடுவா?" என்று போன் செய்யும்போதெல்லாம் கேட்கிறார். அம்மாவை விடுங்கள், நான் ஏறி இறங்கிய பள்ளி அலுவலகத்துக்கே முதலில் பிடிபடவில்லை. இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது ஃப்ளோரிடா, ஜாக்சன்வில் பக்கம். ஹெச்4 என்ற குடும்ப விசாவில் வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் இருந்த காலத்தில் மகளுக்கு நானே பாடம் எடுக்க ஆரம்பித்தேன். அது அவளுக்கும் ஒத்துப்போனது, அப்படியே தொடர்ந்துவிட்டோம். டென்னிஸ் மட்டும் என் கைக்கு அடங்காத விஷயம். தனி கோச்சிங்குக்குக் கொட்டிக் கொடுத்தாலும், டீமில் நின்று ஆடுவது வேறு. அது வேண்டும் என்று அவளே கேட்டாள்.

இந்த மாநிலத்தில் வீட்டில் படிக்கும் பிள்ளைகள் அரசுப் பள்ளி அணியில் ஆடலாம் என்று 1996லேயே சட்டம் வந்துவிட்டது. கிரெய்க் டிக்கின்சன் சட்டம் என்பார்கள், மாநிலச் சட்டத் தொகுப்பில் பிரிவு 1006.15. அமெரிக்க ஃபுட்பால் வீரர் டிம் டீபோ அந்த வழியில் ஆடியவர்தான். வீட்டிலேயே படித்தவர், ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் ஆக ஆட வேண்டும் என்பதற்காக அம்மாவோடு செயின்ட் ஜான்ஸ் கவுண்டிக்கு ஜாகை மாற்றி, நீஸ் உயர்நிலைப் பள்ளிக்கு ஆடினார். 2007இல் கல்லூரி ஃபுட்பாலின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் டிராஃபி வாங்கினார். அதற்கு அப்புறம் எந்த மாநிலத்தில் இந்த மாதிரி மசோதா வந்தாலும் "டீபோ சட்டம்" என்றே பெயர் விழுந்துவிட்டது. பள்ளி வரவேற்பில் உட்கார்ந்திருந்த பெண்மணிக்கு 1006.15 தெரியாது, டீபோ தெரியும். "ஓ, டிம் மாதிரியா!" என்ற பிறகுதான் பள்ளியின் விளையாட்டுப் பொறுப்பாளரான அத்லெட்டிக் டைரக்டரைக் கூப்பிட்டார். அதுவரை "உங்கள் பெண் எங்கள் மாணவி இல்லையே" என்பதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

காகிதங்களைப் பற்றிச் சொல்கிறேன். வீட்டுக்கல்வி தொடங்கிய 30 நாளுக்குள் கவுண்டியின் பள்ளிக் கண்காணிப்பாளருக்கு அறிவிப்புக் கடிதம் கொடுத்திருக்க வேண்டும். அது இருந்தால்தான் கவுண்டியின் பள்ளி நிர்வாகமான டிஸ்ட்ரிக்டின் வீட்டுக்கல்விப் பிரிவு "ஆமாம், இந்தப் பிள்ளை எங்களிடம் பதிவாகியிருக்கிறாள்" என்று சான்று தரும். மாநில விளையாட்டுச் சங்கத்தில் வீட்டுக்கல்வி மாணவருக்கென்றே ஈ.எல். 7 என்று ஒரு படிவம் இருக்கிறது. டாக்டர் கையெழுத்துக்கு ஈ.எல். 2, பெற்றோர் ஒப்புதலுக்கு ஈ.எல். 3. தலையில் அடிபடுதல், வெயில் தாக்கம், திடீர் இதய நிறுத்தம் பற்றிய மூன்று வீடியோக்களைப் பிள்ளை பார்த்து முடித்துச் சான்றிதழ் எடுக்க வேண்டும். வாடகை ஒப்பந்தம், கரண்ட் பில் எல்லாம் முகவரிக்காக. அதே பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு என்ன வசிப்பிட விதியோ அதுதான் நமக்கும்.

இவ்வளவும் ஒழுங்காக நடந்தது. மாட்டிக்கொண்டது ஆன்லைன் பதிவில். முதல் பக்கத்திலேயே மாணவர் அடையாள எண் கேட்டது. பள்ளியில் சேராத பிள்ளைக்கு அந்த எண் எங்கிருந்து வரும்? காலியாக விட்டால் அடுத்த பக்கத்துக்கே போகாது. பள்ளியைக் கேட்டால் டிஸ்ட்ரிக்டைக் கேளுங்கள் என்றார்கள், டிஸ்ட்ரிக்டைக் கேட்டால் பள்ளிதான் போட்டுத் தர வேண்டும் என்றார்கள். தாலுகா ஆபீஸில் பட்டா மாற்றப் போனவர்களுக்கு இந்த ஆட்டம் பழக்கம்தான். கடைசியில் கோச்தான் வழி காட்டினார். வீட்டுக்கல்விப் பிரிவின் சான்றைக் கணினிப் பொறுப்பாளருக்கு நேரடியாக அனுப்பச் சொன்னார், அன்று மாலையே எண் வந்துவிட்டது. நீங்கள் போனால் போர்ட்டலைத் திறப்பதற்கு முன்பே அந்த எண்ணைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

அடுத்தது படிப்புத் தகுதி. பள்ளிப் பிள்ளைக்கு ஜிபிஏ, அதாவது நான்குக்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி, 2.0 இருக்க வேண்டும், குறைந்தால் டீமில் இடமில்லை. வீட்டுப் பிள்ளைக்கு எப்படி அளப்பது என்பதைப் பெற்றோரும் பிரின்ஸிபாலும் பேசி முடிவு செய்ய வேண்டும் என்கிறது சட்டம். சான்று பெற்ற ஆசிரியர் ஒருவர் பிள்ளையின் வேலைகளைப் பார்த்து எழுதித் தரலாம், அந்த ஆசிரியரைப் பெற்றோரே தேர்ந்தெடுக்கலாம். அல்லது பொதுத் தேர்வு ஒன்றில் 35ஆவது பர்சென்டைலுக்கு மேல் காட்டலாம். 35 என்றதும் நம்மூர் பாஸ் மார்க் ஞாபகம் வரும், ஆனால் இது மதிப்பெண் இல்லை. எழுதிய நூறு பேரில் 35 பேரைத் தாண்டினால் போதும் என்று அர்த்தம். நான் ஆசிரியர் கடிதத்தைக் கொடுத்தேன். பிரின்ஸிபால் ஒரு தடவை புரட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

டென்னிஸ் டீமில் கூட்டத்தோடு கூட்டமாக நிற்க முடியாது. இன்னொரு பள்ளியோடு மோதும்போது ஐந்து ஒற்றையர், இரண்டு இரட்டையர், அவ்வளவுதான். யார் எந்த இடம் என்பதைத் தங்களுக்குள்ளேயே மோதித் தீர்த்துக்கொள்வார்கள். என் மகள் ஐந்தாம் இடத்துக்கு ஆடியது அதே பள்ளியில் படிக்கும் ஒரு தமிழ்ப் பெண்ணோடு. லைன் அம்பயர் கிடையாது, பந்து கோட்டில் பட்டதா இல்லையா என்று பிள்ளைகளே சொல்ல வேண்டும். எதிர்ப் பெண் தன் பக்கம் விழுந்த ஒரு பந்தை, "அவுட் இல்லை, உன் பாயின்ட்தான்" என்று தானே சொல்லிவிட்டாள். அந்தப் பாயின்ட் இல்லாவிட்டால் கதை மாறியிருக்கும். என் மகள் ஜெயித்தாள், அந்தப் பெண் ஆறாம் இடத்துக்குப் போனாள்.

பார்க்கிங்கில் அவளுடைய அம்மா என்னிடம் வந்தார். கோபமாக இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. பள்ளிக்கூடம் வேணாம்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க. அப்புறம் டீம் மட்டும் எதுக்கு?"

"நாங்களும் இதே ஊர்லதாங்க வரி கட்டுறோம்" என்றேன். வாடகை வீடுதான், ஆனால் வீட்டு ஓனர் கட்டும் பள்ளி வரி வாடகையில்தானே வருகிறது.

"வரியை விடுங்க. எம்பொண்ணு கெமிஸ்ட்ரில கொஞ்சம் வழுக்கினாலும் சராசரி இறங்கிரும், டீம்லேருந்து தூக்கிருவாங்க. உங்க பொண்ணுக்கு மார்க் போடுறது யாரு? நீங்கதானே!"

வரி பற்றிய வாதத்தில் நான் விட்டுக்கொடுக்கவில்லை, இப்போதும் மாட்டேன். இத்தனைக்கும் எதிர்ப்பக்கத்திலும் பண வாதம் உண்டு. பள்ளிக்கு மாநிலப் பணம் வருவது சேர்ந்திருக்கும் பிள்ளைகளின் தலைக்கணக்கில், வீட்டில் படிக்கும் என் மகளால் அந்தப் பள்ளிக்கு ஒரு டாலர்கூடக் கூடுதலாக வருவதில்லை. ஆனாலும் மைதானமும் கோச்சும் அந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்கானவை, வகுப்பில் உட்காருகிறவர்களுக்கு மட்டும் என்று பூட்டுவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. இடம் போனது பற்றியும் எனக்குக் குற்ற உணர்ச்சி இல்லை. புதிதாகக் குடிவந்து பள்ளியில் சேரும் ஒரு பெண்ணும் அதே இடத்தை எடுத்திருப்பாள்.

மார்க் யார் போடுகிறார்கள் என்ற கேள்விக்குத்தான் என்னிடம் பதில் இல்லை. கடிதம் தரும் ஆசிரியரையும் பெற்றோரே தானே தேர்ந்தெடுக்கிறோம். வர்ஜீனியாவில் ஆளுநராக இருந்த டெரி மெக்காலிஃப் இப்படிப்பட்ட மசோதாவை 2015இல் வீட்டோ செய்தபோது முன்வைத்ததும் கிட்டத்தட்ட இதைத்தான்: பள்ளிப் பிள்ளைக்கு இருக்கும் படிப்பு விதிகள் வீட்டுப் பிள்ளைக்கு அதே மாதிரி இல்லை. அடுத்த ஆண்டும் வீட்டோ. டெக்ஸஸ் 2021இல் கதவைத் திறந்தபோது தேசிய அளவிலான தேர்வு ஒன்றைக் கட்டாயமாக்கியது, அதோடு பள்ளி மதிப்பெண் தரும்போதெல்லாம் பெற்றோரும் "பாஸாகிறாள்" என்று எழுதித் தர வேண்டும். ஆனால் பிள்ளைகளைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதை ஒவ்வொரு டிஸ்ட்ரிக்டின் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள். டாலஸ் பக்கம் இருக்கும் என் தோழியின் மகன் அதில்தான் அடிபட்டான். அவர்கள் டிஸ்ட்ரிக்ட் சேர்க்கவில்லை, சாலைக்கு அந்தப் பக்கத்து டிஸ்ட்ரிக்ட் சேர்த்துக்கொண்டது. 2025இல் அதைத் திருப்பிப் போட்டார்கள். வேண்டாம் என்று பள்ளி போர்டு தீர்மானம் போடாத டிஸ்ட்ரிக்ட் எல்லாம் இப்போது சேர்த்தாக வேண்டும்.

டீமில் ஆடும் வீட்டுப் பிள்ளைக்குத் தேர்வு வைக்கலாம் என்று வீட்டுக்கல்விக் குழுவில் நான் பேசியபோது எதிர்த்தவர்கள் எங்கள் ஆட்கள்தான். "டீமுக்காகத் தேர்வு வையுங்கள் என்று நாமே கேட்டால், நாளைக்கு எல்லோருக்கும் வைப்பார்கள்" என்கிறார் ஒருவர். அந்தப் பயம் வெறும் கற்பனை இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனாலும் ஆடும் பிள்ளைக்கு மட்டும், பெற்றோர் தேர்ந்தெடுக்காத ஒருவர் திருத்தும் தேர்வு இருப்பதில் என்ன குறைந்துவிடும்? இரண்டாம் வருடம் ஆசிரியர் கடிதத்தோடு தேர்வு முடிவையும் சேர்த்துக் கொடுத்தேன். "இது தேவையில்லையே" என்றார் அத்லெட்டிக் டைரக்டர். ஃபைலில் இருக்கட்டும் என்று வைத்துவிட்டு வந்தேன்.

மறுபடி பதிய வேண்டியவர்களுக்கு ஒன்று. ஈ.எல். 2 டாக்டர் பார்த்த தேதியிலிருந்து 365 நாள்தான் செல்லும். எங்களுக்கு டென்னிஸ் வசந்த கால விளையாட்டு. பிப்ரவரியில் எடுத்தால் அடுத்த வருடம் சீசன் நடுவில் காலாவதியாகிவிடும், பிள்ளை பெஞ்சில் உட்கார வேண்டியதுதான். கோடை விடுமுறையிலேயே எடுத்துவிடுங்கள். ஆண்டுப் பரிசோதனையும் அதுவும் ஒரே நாளில் வருகிற மாதிரி அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள், இல்லையென்றால் இன்ஷூரன்ஸ் இரண்டாவதற்குப் பணம் தராமல் போகலாம்.