பேர் வெச்சா ஆச்சா, யாருன்னு சொல்ல வேணாமா

மதுரைல டவுன் பஸ்ல போறப்ப ஒரு காலேஜ் பையன் கண்டக்டர்ட்ட 'அண்ணே எம்.ஜி.ஆர். பஸ் ஸ்டாண்டு போகுமா இல்ல மாட்டுத்தாவணி போகுமா'ன்னு மேப்ப காட்டி கேக்குறான், அவர் நிமிந்துகூட பாக்காம 'ரெண்டும் ஒண்ணுதான் தம்பி, சில்லறையா குடு'ன்னுட்டு போயிட்டார். சென்ட்ரலுக்கும் 2019ல எம்.ஜி.ஆர். பேர வெச்சாங்க, ஆட்டோக்காரருக்கு இன்னும் சென்ட்ரல்தான். சரி, எம்.ஜி.ஆர். யாருன்னு யாருக்கும் சொல்லத் தேவையில்ல.

அந்தந்த ஊர் ஆளுங்க பேர வெக்கிற விஷயந்தான் சிக்கல். தேனி புது பஸ் ஸ்டாண்டுக்கு பென்னிகுயிக் பேர் வெச்சிருக்காங்க, அங்க அது பொருந்துது, ஏன்னா 1895ல முல்லைப் பெரியாறு அணைய கட்டி மேற்க போன தண்ணிய மலைய குடைஞ்சு இந்தப் பக்கம் திருப்பி விட்ட இஞ்சினியர் அவர், கம்பம் பக்கம் வீட்ல சாமி படத்தோட அவர் படமும் மாட்டிருப்பாங்க, ஜனவரி 15 அவர் பொறந்தநாளுக்கு பொங்கலே வெக்கிறாங்க. சொந்த சொத்த வித்து கட்டினாருங்கறது நெசமா கதையான்னு ஒரு சண்ட ஓடுது, அத விடுங்க. போர்டுல பேர் ஏறுறதுக்கு ரொம்ப முன்னாடியே சனங்க வாயில ஏறிடுச்சு.

இதுக்கு நேர் எதிர் 1997. அப்பல்லாம் அரசு போக்குவரத்துக் கழகம் ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேரு, சேரன், பாண்டியன், கட்டபொம்மன்னு பஸ் ஓடும். கட்டபொம்மனோட தளபதி சுந்தரலிங்கம் பேர்ல ஒரு போக்குவரத்துக் கழகம்னு அறிவிச்சதும் கலவரம், உயிரெல்லாம் போச்சு, கடைசில மொத்தமா எல்லா பேரையும் தூக்கிட்டு தமிழ்நாடு அரசு போக்குவரத்துக் கழகம்னு ஆக்கிட்டாங்க. அந்த மனுசன் என்ன பண்ணாருன்னு எவனும் கேக்கல, என்ன சாதின்னு மட்டும் கேட்டானுங்க.

எங்க ஏரியா லைப்ரரிக்கும் ஒருத்தர் பேர் உண்டு. வாசல் கல்வெட்ட நின்னு படிச்சேன், தொறந்து வெச்ச அமைச்சர், முன்னிலை எம்.எல்.ஏ., கவுன்சிலர், கமிஷனர், இஞ்சினியர், கடைசில காண்ட்ராக்டர் வரைக்கும் பதவியோட இருக்கு, யாரு பேர வெச்சாங்களோ அவருக்கு மட்டும் வெறும் பேர், அதுலயும் இனிஷியல்ல பெயிண்ட் போயிருச்சு. உள்ள போய் லைப்ரரியன் அம்மாட்ட கேட்டா, 'யாரோ வாத்தியாருன்னு சொன்னாங்க சார், நானே டிரான்ஸ்பர்ல வந்தவ'ங்கறாங்க.