இலைக்குள் வாழும் அந்துப்பூச்சி: புதிய இனம் என்று நிறுவிய கதை

எலுமிச்சை வளர்த்தவர்கள் அந்த வெள்ளிக் கோட்டைப் பார்த்திருப்பார்கள். இளந்தளிரின் தோலுக்கடியில் நத்தை ஊர்ந்த தடம்போல வளைந்து வளைந்து போகும். அதைப் போடுவது ஓர் அந்துப்பூச்சியின் புழு. 1856இல் ஆங்கிலேயப் பூச்சியியலாளர் ஸ்டெயின்டன் கல்கத்தா மாதிரிகளைக் கொண்டு பெயரிட்ட இனம் அது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில், எங்கள் சாட்ஸ்வொர்த் பகுதி வீடுகளின் கொல்லை எலுமிச்சையிலும் உண்டு. நான் எழுத வந்தது அதே குடும்பத்தின் வேறொரு பூச்சியைப் பற்றி.

சாட்ஸ்வொர்த்தை ஒட்டியே சில்வர்கிளென் இயற்கைக் காப்பகம் இருக்கிறது. அங்குள்ள புதர்களில் கிரூவியா ஆக்சிடென்டாலிஸ் நிறைய வளர்கிறது. இந்தியாவில் சர்பத் போடும் ஃபால்சாவுக்கு உறவான செடி. ஊதா நிறப் பூ, நான்கு பிளவாகக் காய். இதன் இலைகள் சிலவற்றில் மேற்புறம் புடைத்திருந்தது. திருப்பிப் பார்த்தால் அடித்தோல் உரிந்து சுருங்கியிருக்கும். உள்ளே இருக்கும் புழு பட்டு நூலை இழுத்துக் கட்டித் தோலைச் சுருக்குகிறது; அதனால்தான் இலை மேல்நோக்கிக் குவிகிறது. ஃபிலோனோரிக்டர் என்ற பேரினத்தின் வழக்கம் இது.

காப்பகத்தில் இலை பறிக்க அனுமதி வேண்டும். எழுதிக் கேட்டோம், கிடைத்தது. பறித்த இலைகளை மூடியிட்ட சிறு டப்பாக்களில் வைத்தேன். இந்தக் கட்டத்தில் ஈரம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கூடினால் பூஞ்சை பிடிக்கும், குறைந்தால் இலையோடு புழுவும் காய்ந்துவிடும். பல டப்பாக்களில் அந்துக்குப் பதிலாகக் குட்டிக் குளவிகள் வந்தன. புழுவைத் தின்று வளரும் ஒட்டுண்ணிகள் அவை. கடைசியில் ஒரு நாள் இலையிலிருந்து கூட்டுப்புழுவின் வெற்றுத்தோல் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்க, பக்கத்தில் பூச்சி உட்கார்ந்திருந்தது. சிறகு விரித்தால் ஆறு மில்லிமீட்டர். பொன் மஞ்சளில் வெள்ளைப் பட்டைகள், ஒவ்வொன்றுக்கும் கருப்பு விளிம்பு. உருப்பெருக்கியில் பார்க்கும்வரை அது வெறும் தூசி. பார்த்த பிறகு வேறெதையும் பார்க்கத் தோன்றவில்லை.

ஆனால் அழகாக இருக்கிறது என்பதாலோ யாருக்கும் தெரியவில்லை என்பதாலோ ஒன்று புதிய இனமாகிவிடாது. இதுவரை பெயர் பெற்ற எதுவும் இது இல்லை என்று காட்ட வேண்டும். என் நேரத்தில் பெரும்பகுதி இதற்குத்தான் போனது.

தென்னாப்பிரிக்காவில் இந்தக் குடும்பத்துக்கு அடித்தளம் லாயோஷ் வாரியின் நூல். பிரிட்டோரியாவின் டிரான்ஸ்வால் அருங்காட்சியகம் 1961இல் வெளியிட்டது. அதில் கிரூவியாவின் பெயரையே தாங்கிய இனங்கள் இருந்தன. முதலில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. இதே செடியை உண்ணும் பூச்சிக்கு அறுபது ஆண்டுக்கு முன்பே பெயர் வைத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். பிரிட்டோரியாவிலிருந்து எனக்கு வழிகாட்டிய வகைப்பாட்டியல் அறிஞர், ஒரே செடியில் இரண்டு மூன்று இனங்கள் வாழ்வது சாதாரணம், வயிற்றை அறுத்துப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள் என்றார்.

சிறகின் கோலம் ஏமாற்றும். பிறப்புறுப்பின் வடிவம் அவ்வளவு எளிதில் ஏமாற்றாது. வயிற்றை மட்டும் கழற்றி, பத்து சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் சூடாக்கினால் தசை கரைந்து கடினமான பாகங்கள் மட்டும் மிஞ்சும். செதில்களை மெல்லிய தூரிகையால் நீக்கி, சாயமேற்றி, யூபரால் பிசினில் ஸ்லைடாகப் பதிக்க வேண்டும். மூச்சு விட்டாலே பறந்துவிடும் பொருளை ஊசிமுனையால் திருப்பும் வேலை இது. மின்விசிறியை நிறுத்திவிட்டு, டர்பனின் கோடைப் புழுக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். ஆண் பூச்சி இணையும்போது பெண்ணைப் பிடிக்கும் இரு பற்றுறுப்புகளும் சமமாக இல்லை. இடப்பக்கத்தது அகன்றும் வலப்பக்கத்தது ஒடுங்கியும் இருந்தன. வாரியின் படங்கள் எதிலும் இந்த அமைப்பு இல்லை.

அதோடு முடியவில்லை. 1938இல் மறைந்த எட்வர்ட் மேரிக் தென்னாப்பிரிக்கச் சிற்றந்துகள் ஏராளமானவற்றுக்குப் பெயரிட்டவர். கைக்கண்ணாடியை நம்பி வேலை செய்தவர். பிறப்புறுப்பைப் பார்ப்பது அவர் வழக்கமில்லை. அவருடைய மூலமாதிரிகள், அதாவது ஓர் இனத்தின் பெயருக்கு அடையாளமாக வைத்த மாதிரிகள், பல லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவர் எழுதிய சில வரி விவரணை பல இனங்களுக்குப் பொருந்திவிடும் என்பதால் மாதிரிகளின் படங்களைக் கேட்டுப் பெற்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டோம். இவ்வளவு பழைய மாதிரிகளில் வயிறு உடைந்துபோனவையும் உண்டு. அப்படிப்பட்டதைச் சிறகையும் செடியையும் வைத்துத்தான் விலக்க முடியும். அதனால்தான் எந்தச் செடியில் கிடைத்தது என்ற குறிப்பை நான் உயிராக மதிக்கிறேன்.

ஒரு காலை மட்டும் எடுத்து மரபணுப் பரிசோதனைக்கும் அனுப்பினோம். விலங்குகளை அடையாளம் காண உலகெங்கும் பயன்படும், 658 எழுத்து நீளமுள்ள சிஓஐ என்ற மரபணுத் துண்டைப் படித்துத் தருவார்கள். கனடாவில் உள்ள பொதுத் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டதில் பொருத்தம் எதுவும் வரவில்லை. பலர் இத்துடன் புதிய இனம் என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு பழைய இனத்தின் வரிசை அங்கே ஏறவில்லை என்றால் அதுவும் பொருந்தாதது போலத்தான் தெரியும். மரபணு, உறுப்பு, உணவுச்செடி மூன்றும் ஒன்றையே சொன்ன பிறகுதான் எழுத உட்கார்ந்தோம்.

விவரணைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு: தலை, உணர்கொம்பு, சிறகு, கால் என்று வரிசையாகப் போக வேண்டும். அதைவிடக் கடினம், நெருங்கிய இனங்களிலிருந்து இது எப்படி வேறுபடுகிறது என்று சொல்லும் ஒரே பத்தி. அதைத்தான் அதிகம் திருத்தினோம். 2000 முதல் நடப்பில் உள்ள விலங்குப் பெயரீட்டு விதிகளின்படி ஒரு மூலமாதிரியைக் குறிப்பிட்டு, அது எந்தச் சேகரிப்பில் இருக்கும் என்றும் எழுத வேண்டும். எங்களுடையது பிரிட்டோரியாவில், வாரியின் மாதிரிகள் இருக்கும் அதே அருங்காட்சியகத்துக்கு. மூலமாதிரி என்று காட்டும் சிவப்பு அட்டையோடு போய்ச் சேர்ந்துவிட்டது. இணைய இதழில் வெளியிட்டால் விலங்குப் பெயர்களின் இணையப் பதிவேடான ஜூபேங்கில் பதிவும் கட்டாயம்.

இதழுக்கு அனுப்பிய கட்டுரையைப் படித்த மதிப்பீட்டாளர் ஒருவர் பெண் பூச்சியின் உறுப்புப் படமும் வேண்டும் என்றார். நியாயமான கேள்வி. மறுபடி இலை பறித்து வளர்த்துப் படம் சேர்த்து அனுப்பியிருக்கிறோம். கட்டுரை வெளியாகும் முன் பெயர் வேறெங்கும் அச்சேறினால் குழப்பம் வரும். ஆகவே இங்கே அதை எழுதவில்லை.

டர்பனில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் தோட்டத்துக் கிரூவியாவில் இப்படிப் புடைத்த இலை தெரிந்தால், இருபுறமும் படம் எடுத்து, செடியின் பெயரும் இடமும் தேதியும் குறித்து வையுங்கள். கிளையை வெட்டி எறிய வேண்டாம். ஓரிரு இலைக்கு மேல் அது கெடுப்பதில்லை.